நாற்பது நிமிடமும் இருபத்திரண்டு டேப்லெட்டும்

பள்ளிக்கு டேப்லெட் வரப்போகிறது என்றால் எல்லாரும் முதலில் கேட்பது "எத்தனை?" அடுத்தது "என்ன கம்பெனி?" எந்த வகுப்புக்கு, என்ன கிழமை, எத்தனையாவது பீரியடு என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேட்காமல் வாங்கிய டேப்லெட்டுகள் கடைசியில் போய்ச் சேருமிடம் எச்.எம். (தலைமை ஆசிரியர்) அறைப் பீரோ. மேல் தட்டில் அவை, கீழ்த் தட்டில் பழைய வருகைப் பதிவேடுகள்.

இந்தத் திட்டத்தைப் பொறுப்பெடுத்து நடத்துகிறவர் கையில் வைத்துக்கொள்ள வேண்டிய அளவுகோல் பீரியடு ஒன்றுதான். ஒரு பீரியடு 40 நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். முந்தின ஆசிரியர் கிளம்பி, அடுத்தவர் வந்து, பிள்ளைகள் உட்கார 3 நிமிடம். டேப்லெட்டைக் கையில் கொடுக்க, முதல் சில வாரங்களில், 8 நிமிடம். திறந்து, வைஃபை பிடித்து, சரியான பக்கத்துக்கு வந்து சேர 6. திரும்ப வாங்கி எண்ணி வைக்க இன்னொரு 6. போனது 23, மிச்சம் 17. அதிலும் "சார், எனக்கு வரல" என்று நாலு மூலையிலிருந்தும் குரல் வரும். பாடம் நடந்தது பத்து நிமிடம் இருந்தால் அதிகம். பத்து நிமிடப் பாடத்துக்காக இவ்வளவு பாடுபட எந்த ஆசிரியரும் இரண்டாம் தடவை முன்வர மாட்டார். அவர் புதுமைக்கு எதிரி இல்லை. கணக்குத் தெரிந்தவர்.

அந்த 23 நிமிடத்தை 8 நிமிடமாகக் குறைப்பதுதான் பொறுப்பாளர் வேலை. சார்ஜர், ரூட்டர், பாஸ்வேர்ட், பயிற்சி எல்லாமே இதற்குள் அடக்கம்.

எண்ணிக்கையிலிருந்தே தொடங்கலாம். 40 பேர் வகுப்புக்கு 40 டேப்லெட் வேண்டாம். இரண்டு பேருக்கு ஒன்று, மாற்றுக்கு இரண்டு, ஆக 22. காசு மிச்சம் என்பது இரண்டாவது காரணம். தனித்தனியாகக் கொடுத்தால் பிள்ளைகள் வாய் மூடிக்கொள்கிறார்கள் என்பதுதான் முதல் காரணம். இரண்டு பேர் ஒரு திரையைப் பார்க்கும்போது "அதை இங்க வை", "இல்லடா, எரியும்" என்று பேச வேண்டியிருக்கிறது. கற்றல் அந்தப் பேச்சில்தான் இருக்கிறது. ஒருவர் கை, ஒருவர் நோட்டு: ஒருவர் திரையைத் தொடுவார், மற்றவர் எழுதுவார். எட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை ஆசிரியர் மேசையைத் தட்டினால் இடம் மாற வேண்டும். இதைச் சொல்லாமல் விட்டால் சுறுசுறுப்பான பிள்ளை கடைசிவரை டேப்லெட்டை விடாது. ஆணும் பெண்ணுமாக உட்கார வைத்த ஜோடிகளில் யார் கையில் திரை நிற்கிறது என்று கவனியுங்கள், புரியும்.

மூன்று பேருக்கு ஒன்று என்று இறங்காதீர்கள். மூன்றாவது பிள்ளை ஜன்னல் வழியாக மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும்.

கொடுக்கல் வாங்கலுக்கு வருவோம். பத்து பெஞ்ச், பெஞ்சுக்கு நாலு பேர். முதல் பெஞ்சுக்கு 1, 2. இரண்டாம் பெஞ்சுக்கு 3, 4. கடைசிக்கு 19, 20. இந்த எண் வருடம் முழுக்க மாறக்கூடாது. எண்ணைப் பின்பக்கம் ஸ்டிக்கராக ஒட்டினால் மட்டும் போதாது, வால்பேப்பராகவும் திரை நிறைய வைத்துவிடுங்கள். ஆசிரியர் வகுப்பின் பின்னால் நின்றபடியே 7 ஏன் நாலாம் பெஞ்சை விட்டு ஆறாம் பெஞ்சில் இருக்கிறது என்று கேட்கலாம். எண் மாறாமல் இருப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. கீறல் விழுந்தால் யாரிடம் கேட்பது என்று தெரியும், பிள்ளைகளுக்கும் அது தெரியும்.

தூக்கிச் செல்லப் பெட்டி தேடி அலைய வேண்டாம். பாத்திரக் கடையில் கிடைக்கும் தட்டு ஸ்டாண்ட் போதும். ரப்பர் உறை போட்ட டேப்லெட் அதில் நிமிர்ந்து நிற்கும். ஸ்டாண்டுக்கு 11 என இரண்டு வைத்துக்கொண்டால் ஒன்று வலப்பக்க வரிசைக்கு, ஒன்று இடப்பக்க வரிசைக்கு. திரும்ப வைக்கும்போது காலி இடம் கண்ணில் படும், எண்ண வேண்டியதே இல்லை. ஒவ்வொரு பெஞ்சிலும் ஓரத்தில் இருப்பவர் எழுந்து போய் எடுத்துவருவார். மற்றவர்கள் எழக்கூடாது.

நேர அட்டவணையில் டேப்லெட் பீரியடை இடைவேளைக்கோ மதியச் சாப்பாட்டுக்கோ அடுத்ததாகப் போடுங்கள். பொறுப்பு மாணவர்கள் நாலு பேர் ஸ்டாண்டுகளை முன்கூட்டியே வகுப்பில் கொண்டுவந்து வைக்க அந்த ஐந்து நிமிடம் கிடைக்கும். இந்த ஒரு மாற்றமே விநியோக நேரத்தைப் பாதியாக்கும். இதற்கு ஒரு பைசா செலவில்லை. அட்டவணை போடுகிற ஆசிரியரிடம் மே மாதமே பேசி வைக்க வேண்டும், அவ்வளவுதான். ஜூனில் போய்க் கேட்டால் அவர் முகத்தைப் பார்க்க முடியாது.

இனி கரண்ட். இங்கே பயம் அதிகம், கணக்கு குறைவு. சாதாரணமாக 5000 எம்ஏஎச் பேட்டரி உள்ள டேப்லெட் ஒன்று முழுதாக ஏற சுமார் 19 வாட் அவர் (வாட் மணி; ஆயிரம் சேர்ந்தால் ஒரு யூனிட்) தேவை. 22 டேப்லெட்டுக்குச் சுமார் 420 வாட் அவர். சார்ஜரில் வீணாவதையும் சேர்த்தால் அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. அதாவது மொத்த ஸ்டாண்டும் ஒரு தடவை முழுதாக ஏற ஒரு யூனிட் கரண்ட்கூட ஆகாது. மின்கட்டணத்தைக் காரணம் காட்டி யாராவது மறுத்தால் இந்தக் கணக்கைச் சொல்லலாம்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. 10 போர்ட் யுஎஸ்பி சார்ஜர் என்று வாங்குவார்கள், பின்னால் பொடி எழுத்தில் 60 வாட் என்று இருக்கும். பத்தும் செருகினால் ஒன்றுக்கு 6 வாட், அதாவது 5 வோல்ட்டில் 1.2 ஆம்பியர். காலியான டேப்லெட் முழுதாக ஏற நாலு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இடைவேளையில் செருகி அடுத்த பீரியடுக்கு எடுக்கலாம் என்ற திட்டம் அங்கேயே சரிந்துவிடும். மொத்த வாட்டை போர்ட் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். 10 வாட்டுக்குக் குறைந்தால் வாங்காதீர்கள்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸைச் செருகுவது நம் ஊர் வழக்கம், இங்கே அது கூடாது. இரும்புப் பீரோவுக்குள் சார்ஜ் போடுவதானால் பின் தகட்டில் காற்றோட்டத்துக்குத் துளை போட்டு, ஒயர் நுழையும் துளையில் ரப்பர் வளையம் மாட்டி, சார்ஜ் ஏறும்போது கதவைத் திறந்தே வையுங்கள். ஆள் இல்லாத இரவில் சார்ஜ் வேண்டவே வேண்டாம். மதியம் ஒரு மணிக்குச் செருகி, பள்ளி விடும் மணிக்கு எடுத்தால் அடுத்த நாளுக்குப் போதும். வாங்கும்போது சி டைப் போர்ட் உள்ளதாக வாங்குங்கள். பழைய மைக்ரோ யுஎஸ்பி போர்ட்டைப் பிள்ளைகள் தலைகீழாகச் செருகி அழுத்துவார்கள், உள்ளே இருக்கும் நாக்கு உடையும். திரை உடைவதற்கு முன்பே அதுதான் பழுதாகும்.

நெட்வொர்க்கில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். 40 எம்பிபிஎஸ் இணைப்பு இருக்கிறதே, போதாதா? 480பி வீடியோ ஒன்றுக்கு 1 முதல் 1.5 எம்பிபிஎஸ் பிடிக்கும். இருபதும் ஒரே நேரத்தில் ஓடினால் 20 முதல் 30. காகிதத்தில் சரியாகத்தான் வருகிறது. ஆனால் அதே இணைப்பில் அலுவலக அறையில் எமிஸ் (அரசின் பள்ளி, மாணவர் விவரத் தளம்) பதிவேற்றம் நடந்துகொண்டிருக்கும். வீட்டு உபயோக ரூட்டர் ஒரே சமயத்தில் இருபது கருவி கேட்டால் திணறும். இரண்டு சுவர் தாண்டினால் வைஃபையின் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை வலுவிழந்துவிடும். 2.4 ஜிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 மூன்றுதான், பக்கத்து வீடுகளும் அதில்தான் இருக்கும். இருபது திரையிலும் வட்டம் சுற்றிக்கொண்டிருக்கும்போது வகுப்பைக் கட்டிப்போட எந்த ஆசிரியராலும் முடியாது.

அதனால் வகுப்பறையை இணையத்தை நம்பாத இடமாக அமைத்துக்கொள்வது நல்லது. ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி ஒன்று, அல்லது மூலையில் கிடக்கும் பழைய லேப்டாப். அதில் கோலிப்ரி என்ற இலவச மென்பொருள். இணைய வசதி இல்லாத பள்ளிகளுக்காகவே உருவானது. வீடியோ, பயிற்சி எல்லாவற்றையும் நல்ல இணைப்பு இருக்கும் இடத்தில் இறக்கி அதில் நிரப்பிவிட்டால், டேப்லெட்டுகள் வகுப்புக்குள்ளேயே அதிலிருந்து எடுத்துக்கொள்ளும். வெளி இணைப்பு அறுந்தாலும் பாடம் நிற்காது. பையோ லேப்டாப்போ, இந்தச் சர்வர் பெட்டியை ரூட்டரோடு ஒயர் வழியாக இணையுங்கள், வைஃபையில் விடாதீர்கள். ராஸ்பெரி பையில் மெமரி கார்டை நம்பாமல் சின்ன எஸ்எஸ்டி (சேமிப்பு வட்டு) ஒன்றைப் போடுங்கள். நம் ஊரில் கரண்ட் சொல்லிக்கொண்டு போவதில்லை. எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் கார்டில் இருப்பது கெட்டுப்போகும், திங்கட்கிழமை காலை பெட்டி எழுந்திருக்காது. எப்படியும் பெட்டியில் இருப்பதன் நகல் ஒன்று பீரோவில் இருக்கட்டும்.

இந்த அமைப்பில் வழக்கமாக வரும் மூன்று தடங்கல்கள் உண்டு, மூன்றும் வெளியே தெரியாதவை. முதலாவது, ஆண்ட்ராய்டு கருவி வைஃபையில் சேர்ந்ததும் "இணையம் இல்லை" என்று சொல்லிவிட்டு வேறு இணைப்புக்குத் தாவும். முதல் தடவை கேட்கும்போதே "இணைப்பில் இரு", "மறுபடி கேட்காதே" இரண்டையும் தொட்டுவிட வேண்டும். 22 டேப்லெட்டிலும் பெரியவர் ஒருவர் உட்கார்ந்து முதல் நாளே செய்ய வேண்டிய வேலை இது. இரண்டாவது, பாதுகாப்புக்காக ரூட்டரில் மேக் அட்ரஸ், அதாவது ஒவ்வொரு கருவிக்கும் உள்ள அடையாள எண், பட்டியல் போடுவார்கள்; அதில் உள்ள கருவி மட்டும் சேரலாம். ஆண்ட்ராய்டு 10 முதல் ஒவ்வொரு நெட்வொர்க்குக்கும் போலி மேக் அட்ரஸ் ஒன்றை டேப்லெட் காட்டும். பட்டியலில் இருக்கும் எண்ணும் வருகிற எண்ணும் பொருந்தாது. அந்த நெட்வொர்க்கின் அமைப்பில் போய்க் கருவியின் சொந்த மேக் அட்ரஸைக் காட்டும்படி மாற்ற வேண்டும். மூன்றாவது, தேதி. கோடை விடுமுறையில் பேட்டரி முழுதாக வடிந்த டேப்லெட், இணையமில்லாமல் எழுந்தால் ஏதோ ஒரு பழைய தேதியைக் காட்டும். பிறகு நல்ல தளங்களைக்கூடப் பாதுகாப்பில்லை என்று திறக்க மறுக்கும். ரூட்டரை மாற்றி, சர்வரைச் சபித்து, கடைசியில்தான் கடிகாரத்தைப் பார்ப்போம்.

பூட்டும் சாவியும் அடுத்தது. ஒரு பிள்ளை தன் ஜிமெயிலைப் பள்ளி டேப்லெட்டில் போட்டுவிடும். இன்னொரு பிள்ளை, ஏதோ மாட்டிக்கொண்டது என்று, பக்கவாட்டுப் பட்டன்களை அழுத்தி முழுதாக அழித்துவிடும். மறுபடி திறந்தால் முன்பிருந்த ஜிமெயிலின் பாஸ்வேர்ட் கேட்கும். அது திருட்டுக்கு எதிராகக் கூகுள் வைத்த பூட்டு. அந்தப் பிள்ளை பத்தாவது முடித்து வேறு பள்ளிக்குப் போயிருந்தால் டேப்லெட் வெறும் பலகை. இதைத் தவிர்க்க, டேப்லெட் வந்த அட்டைப் பெட்டியைப் பிரித்த நாளே, யாரும் எந்தக் கணக்கும் போடுவதற்கு முன், எல்லா டேப்லெட்டையும் ஓரிடத்திலிருந்து கட்டுப்படுத்தும் நிர்வாக மென்பொருளில் சேர்த்துவிட வேண்டும். முதல் வரவேற்புத் திரையில் ஒரே இடத்தில் ஆறு தடவை தட்டினால் கியூஆர் கோடு படிக்கும் திரை வரும். நிர்வாக மென்பொருள் தரும் கோடைக் காட்டினால் டேப்லெட் பள்ளியின் பெயருக்கு வந்துவிடும். கணக்குச் சேர்ப்பது, ஆப் நிறுவுவது, அழிப்பது மூன்றையும் அங்கிருந்தே தடுக்கலாம். இதற்கு இலவச மென்பொருள்களும் உண்டு. ஒன்றுக்குப் பத்து நிமிடம் வீதம் 22க்கு ஏறக்குறைய நாலு மணி நேரம். ஒரு சனிக்கிழமை காலை.

பூட்டை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு உலகறிந்த பாடம் லாஸ் ஏஞ்சலிஸ். 2013ல் அந்நகரப் பள்ளி மாவட்டம் எல்லா மாணவருக்கும் ஐபேட் என்று 130 கோடி டாலர் திட்டத்தில் இறங்கியது. சில வாரங்களுக்குள் 300 பேர் வரை கட்டுப்பாட்டு அமைப்பை அழித்துவிட்டு ஃபேஸ்புக், யூடியூப் என்று கிளம்பிவிட்டார்கள். அதற்குப் பெரிய ஹேக்கிங் ஏதும் தேவைப்படவில்லை, அமைப்புப் பக்கத்தில் ஒரு புரொஃபைலை நீக்கினார்கள், அவ்வளவுதான். வீட்டுக்குக் கொண்டுபோனால், தொலைந்தால், உடைந்தால் யார் பொறுப்பு என்பதிலும் தெளிவில்லை. திட்டம் பிறகு கைவிடப்பட்டது. பெருவில் லட்சக்கணக்கான மடிக்கணினிகளைத் தொடக்கப் பள்ளிகளுக்குக் கொடுத்தார்கள். அமெரிக்க நாடுகளுக்கிடையிலான மேம்பாட்டு வங்கியின் 2012 ஆய்வு, கணிதத்திலும் மொழியிலும் மதிப்பெண் உயர்ந்ததற்குச் சான்று இல்லை என்றது. கருவி வகுப்புக்குப் போனது, பாடத்துக்குள் போகவில்லை. உருகுவே 2007ல் தொடங்கிய சேய்பால் திட்டத்தில் இணைப்பு, பழுதுபார்ப்பு, ஆசிரியர் துணை எல்லாவற்றையும் கருவியோடு சேர்த்தே திட்டமிட்டது. அது இன்றும் நடக்கிறது.

சரி, பாடம். பத்தாம் வகுப்பு அறிவியலில் மின்னோட்டவியல் அலகு. ஓம் விதி. இதற்கு வீடியோ போடலாம், பத்து நிமிட வீடியோ எத்தனையோ கிடைக்கிறது. ஆனால் நாற்பது பேரும் ஒரே வீடியோவைப் பார்ப்பதற்கு இருபது டேப்லெட் எதற்கு? ஸ்மார்ட் டிவியில் போட்டுவிட்டு நிறுத்தி நிறுத்திப் பேசலாமே. டேப்லெட் தேவைப்படுவது பிள்ளை தானே எதையாவது மாற்றிப் பார்க்க வேண்டிய இடத்தில். கொலராடோ பல்கலைக்கழகத்தின் ஃபெட் உருவகப்படுத்தல்களில், அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் சோதனைகளில், மின்சுற்றுக் கட்டும் பெட்டி ஒன்று உண்டு. ஒரே ஃபைலாக இறக்கி மேலே சொன்ன சர்வர் பெட்டியில் ஒரு ஃபோல்டரில் வைத்து, டேப்லெட்டின் பிரவுசரில் திறக்கலாம். பலவற்றுக்குத் தமிழாக்கமும் இருக்கிறது.

இதில் மின்கலத்தின் இரு முனையையும் வெறும் ஒயரால் இணைத்தால் தீப்பிடிக்கும், திரையில்தான். இதை ஒரு பிள்ளை கண்டுபிடித்த அரை நிமிடத்தில் வகுப்பு முழுக்க எரியும். அதை அடக்க முயன்று பத்து நிமிடம் வீணாக்குவதைவிட, தொடக்கத்திலேயே "மூன்று நிமிடம், எவ்வளவு வேண்டுமானாலும் எரியுங்கள்" என்று விட்டுவிடுவது புத்திசாலித்தனம். எரிந்து முடிந்ததும் ஏன் எரிந்தது என்று கேட்டால் குறுக்குச்சுற்றைப் பற்றிய விளக்கம் அவர்கள் வாயிலிருந்தே வரும்.

பிறகு 10 ஓம் மின்தடை ஒன்று, மின்கலம், தொடரில் அம்மீட்டர். மின்னழுத்தத்தை 3, 6, 9, 12 என மாற்றி ஒவ்வொன்றுக்கும் மின்னோட்டத்தை நோட்டில் எழுத வேண்டும்: 0.3, 0.6, 0.9, 1.2. இப்போது "திரையைக் கவிழ்" என்று சொல்லுங்கள். வரைபடம் டேப்லெட்டில் வேண்டாம், நோட்டில் ஸ்கேல் வைத்துப் போடட்டும். நேர்கோடு வரும். அடுத்துதான் நல்ல இடம். திரை கவிழ்ந்தே இருக்கட்டும். 9 வோல்ட்டை வைத்துக்கொண்டு இன்னொரு 10 ஓம் மின்தடையைப் பக்க இணைப்பில் சேர்த்தால் மின்கலத்திலிருந்து வரும் மின்னோட்டம் எவ்வளவு? ஊகத்தைப் பேனாவால் எழுத வேண்டும், பென்சில் கூடாது. பாதிப் பேருக்கு மேல் 0.9 என்றோ அதைப் பாதியாகப் பிரித்து 0.45 என்றோ எழுதுவார்கள். மின்கலம் எப்போதும் ஒரே அளவு மின்னோட்டத்தைத்தான் தரும் என்பது அவர்கள் மனதில் உறைந்திருக்கும் எண்ணம். திரையை நிமிர்த்திக் கட்டிப் பார்த்தால் 1.8. அந்த நேரத்தில் வகுப்பில் எழும் சத்தத்துக்காகத்தான் மேலே சொன்ன சார்ஜர், ரூட்டர், ஸ்டாண்ட் எல்லாமே. தொடர் இணைப்பில் 0.45 வரும் என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள்.

அடுத்த பீரியடு ஆய்வகத்தில் உண்மையான மின்கலம், உண்மையான அம்மீட்டர். அளவுகள் திரையில் வந்தபடி வராது. மின்கலத்துக்குள்ளும் ஒரு தடை இருக்கிறது, இணைப்பு முனையில் துரு இருக்கிறது. ஏன் வித்தியாசம் என்று பேச அது வழிவிடும். டேப்லெட் இருக்கிறது என்று ஆய்வகத்தைப் பூட்டுகிற பள்ளி இரண்டையும் இழக்கிறது.

தமிழில் தட்டச்சுச் செய்து விடை எழுதச் சொல்லும் பாடங்களை முதல் பருவத்தில் வைக்காதீர்கள். தமிழ்99 விசைப்பலகை பழகினால் வேகம்தான், ஆனால் பழக வாரங்கள் ஆகும். நாற்பது பேர் அறையில் குரல் வழித் தட்டச்சு எடுபடாது. நோட்டில் எழுதியதைப் படமெடுத்துக் காட்டச் சொன்னால் அதே வேலை ஒரு நிமிடத்தில் முடியும்.

ஆசிரியர்களுக்கு ஏற்கெனவே ஆப் என்றால் அலர்ஜி. வருகைக்கு ஒன்று, தேர்வுக்கு ஒன்று, பயிற்சிக்கு ஒன்று. புதிதாக ஒன்று வருகிறது என்றதும் "இதிலும் ஏதாவது ஏத்தணுமா?" என்றுதான் கேட்பார்கள். நியாயமான கேள்வி. இந்தத் திட்டத்தில் ஆசிரியர் எதையும் பதிவேற்ற வேண்டியதில்லை என்று முதல் கூட்டத்திலேயே வாக்குக் கொடுத்து, அதைக் காப்பாற்றுங்கள். ஒரு நாள் பயிற்சி முகாமால் பயனில்லை. எந்தப் பாடத்தை நடத்தப் போகிறாரோ அந்த ஒரே பாடத்தை, ஓய்வுப் பீரியடில் இருபது நிமிடம், இன்னொரு ஆசிரியரை மாணவராக உட்கார வைத்து நடத்திப் பார்க்கச் சொல்லுங்கள். வைஃபை அறுந்தால் என்ன செய்வது என்பதையும் அங்கேயே, ரூட்டரை வேண்டுமென்றே அணைத்து, பழக வேண்டும். கரும்பலகையில் தொடர என்ன எழுதுவது என்று பாடக்குறிப்பில் மூன்று வரி இருந்தால் போதும், பயம் போய்விடும்.

முதல் வகுப்புகளில் இரண்டாவது பெரியவர் ஒருவர் அறையில் இருக்க வேண்டும், பாடம் நடத்த அல்ல, "வரல" என்கிற பிள்ளையிடம் போக. அவர் கையில் 21ம் 22ம் தயாராக இருக்கும். வராத டேப்லெட்டை அங்கேயே சரிசெய்ய உட்காரக் கூடாது. மாற்றிக் கொடு, வகுப்பு முடிந்ததும் பார்.

நாள்காட்டியும் முக்கியம். ஜூனில் தொடங்காதீர்கள்: சேர்க்கை, புத்தகம், எமிஸ் என்று அலுவலகமே கொதித்துக்கொண்டிருக்கும். ஜூலை இரண்டாம் வாரம் தொடங்கினால் காலாண்டுத் தேர்வுக்குள் ஒன்பது பத்து வாரம் கிடைக்கும். ஒரு வகுப்பு, ஒரு பாடம், வாரம் இரண்டு பீரியடு. அரையாண்டுக்குப் பிறகு பத்தாம் வகுப்பைத் தொடாதீர்கள், தொடவும் விடமாட்டார்கள். எட்டு, ஒன்பது வகுப்புகளுக்கு ஜனவரி நல்ல மாதம்.

பெற்றோரிடம் சொல்லாமல் தொடங்கினால் "பள்ளியில போன் பார்க்க விடறாங்க" என்று ஊரெல்லாம் பரவும். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பேச்சைக் குறைத்து, ஒரு ஸ்டாண்டைக் கொண்டுபோய் அம்மாக்கள் கையிலேயே அந்த மின்சுற்றைக் கொடுத்துவிடுங்கள். அதே கூட்டத்தில் மூன்று தீர்மானம் எழுதி வாங்க வேண்டும்: டேப்லெட் வீட்டுக்குப் போகாது, தற்செயலாக உடைந்தால் பிள்ளையிடமோ ஆசிரியரிடமோ பணம் வசூலிக்கப்படாது, பழுதுபார்ப்புக்கு ஆண்டுதோறும் இவ்வளவு என ஒதுக்கீடு. இரண்டாவது தீர்மானம் இல்லாத பள்ளியில் டேப்லெட் பீரோவை விட்டு வெளியே வராது. தணிக்கையில் கேள்வி வரும், சம்பளத்தில் பிடிப்பார்கள் என்ற அச்சம்தான் பூட்டுக்குக் காரணம். அதைக் குறைசொல்லிப் பயனில்லை, எழுத்தில் பதில் கொடுத்தால்தான் தீரும். தளவாடப் பதிவேட்டில் வரிசை எண், ஐஎம்இஐ அல்லது சீரியல் எண், வால்பேப்பர் எண் மூன்றையும் ஒரே வரியில் எழுதிவையுங்கள்.

பிள்ளைகளின் பெயரில் கணக்கு திறப்பதில் நிதானம் வேண்டும். 2023ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி 18 வயதுக்குக் கீழே எல்லாரும் குழந்தைகள், அவர்கள் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் சரிபார்க்கத்தக்க விதத்தில் வேண்டும். இலவசம் என்று சொல்லிப் பெயர், பிறந்த தேதி, போன் நம்பர் கேட்கும் ஆப்பை ஒதுக்கிவிடுங்கள். உள்ளூர்ப் பெட்டியில் "9ஆ-14" மாதிரி ஒரு பெயர் போதும்.

பயன் இருக்கிறதா என்று அதிகாரிகள் கேட்பார்கள். எத்தனை மணி நேரம் பயன்பட்டது என்ற எண்ணிக்கையைக் காட்டுவது எளிது, அது ஒன்றையும் சொல்லாது. பாடத்துக்கு முந்தின நாள் ஐந்து கேள்வி, இரண்டு வாரம் கழித்து அதே கருத்தில் வேறு ஐந்து கேள்வி, காகிதத்தில். பக்க இணைப்புக் கேள்விக்கு முதலில் எத்தனை பேர் சரி, பிறகு எத்தனை பேர் சரி. வித்தியாசம் இல்லையென்றால் அந்தப் பாடத்துக்கு டேப்லெட் வேண்டாம், கரும்பலகைக்குத் திரும்பலாம். அப்படித் திரும்பிய பாடங்களின் பட்டியல் இல்லாத அறிக்கையை நம்ப வேண்டாம்.

எல்லாம் நன்றாக ஓடும்போதுதான் மாறுதல் கலந்தாய்வு வரும். பாஸ்வேர்ட் தெரிந்த ஒரே ஆசிரியர் வேறு மாவட்டத்துக்குப் போய்விடுவார். ஒரு நீள நோட்டு போடுங்கள்: ரூட்டர் பாஸ்வேர்ட், பெட்டியின் ஐபி எண், நிர்வாகக் கணக்கு, எந்த டேப்லெட்டுக்கு என்ன கோளாறு எப்போது வந்தது, சார்ஜர் வாங்கிய கடை. எச்.எம். பூட்டில் ஒரு நகல். பொறுப்பு மாணவர்கள் எட்டாம் வகுப்பிலிருந்து வரட்டும். பத்தாம் வகுப்பில் பழக்கினால் மார்ச்சில் போய்விடுவார்கள்.

ஏப்ரலில் மூடும்போது டேப்லெட்டுகளைப் பாதி சார்ஜில், ஐம்பது அறுபது சதவீதத்தில், அணைத்து வையுங்கள். முழுதாக ஏற்றியும் வைக்காதீர்கள், காலியாகவும் விடாதீர்கள். தகரக் கூரை அறை வேண்டாம். மே நடுவில் ஒருவர் வந்து பீரோவைத் திறந்து ஒவ்வொன்றையும் பார்க்க வேண்டும். சார்ஜ் இறங்கியிருந்தால் அரை மணி ஏற்றலாம். மேசையில் படுக்க வைத்தால் ஆடுகிறதா, திரை ஓரத்தில் இடைவெளி விட்டிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். அப்படி இருந்தால் பேட்டரி உப்பிவிட்டது. அழுத்தாதீர்கள், சார்ஜ் போடாதீர்கள், தனியாக மணல் வாளிப் பக்கம் வைத்துவிட்டு மின்கழிவு எடுப்பவருக்குச் சொல்லுங்கள். நோட்டில் அந்த எண்ணுக்கு நேரே தேதி போட்டு எழுதிவிட்டு, 21ஐ எடுத்து வால்பேப்பரை மாற்றுங்கள்.